பன்னிரண்டடி மேடு

கார்த்திகை 1, திங்கள்

விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தால் லாரி முதலாளி குழந்தைவேலு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன்.

“செங்கோடா, பதினாறு மாசமாச்சு. இன்னும் எத்தன நாளைக்கு ஊட்டுச் சுவத்தையே பாத்துட்டிருப்ப? தை ஒண்ணுல பதினாலு சக்கரத்து லாரிச் சாவிய உன்ற கையில குடுத்தர்றேன்.”

என் வீட்டுக்காரர் அலமாரியைப் பார்த்தார். மேல் தட்டில் ரிமோட் லாரி நின்றது. முழங்கையளவு நீளம், ஆறு சக்கரம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற பொன்னுரங்கம் அண்ணன், இவர் படுக்கையில் கிடந்தபோது கொண்டுவந்து கொடுத்தது.

“இருபத்தெட்டாந்தேதி பொன்னுரங்கம் பட்டறையில ரிமோட் வண்டிப் போட்டி இருக்குதுங்க. பன்னெண்டடி மேடு, ஆறு கிலோ லோடு. என்ற வண்டி ஏறுச்சுன்னா சாவியக் குடுங்க. ஏறலீன்னா வேற ஆளப் பாத்துக்குங்க.”

“கோயில்ல பூப் போட்டுச் சாமிகிட்ட உத்தரவு கேக்கறதாட்ட, பொம்ம வண்டியக் கேட்டா முடிவு பண்ணுவ?”

“பூவ எவன் வேணா மாத்தி வெக்கலாம்ங்க. கை குடுக்கறதத்தான் வண்டி சொல்லும்.”

குழந்தைவேலு சிரித்துக்கொண்டே போனார். இவர் சிரிக்கவில்லை.

போன வருசம் ஆடியில் இவர் மலைப்பாதையில் ஓட்டி ஏறும்போது, இன்ஜின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாப்ட்டின் ஜாயிண்ட் முறிந்து, லாரி நாற்பதடி பின்னால் உருண்டு பாறையில் சாய்ந்தது. கூடப் போன டிரைவர் மாரப்பனுக்கு முழங்கால் போயிற்று. இவருக்கு உடம்பில் பெரிய அடி ஒன்றுமில்லை. கைதான் அன்றிலிருந்து நடுங்குகிறது. அதனால் இந்தச் சின்ன வண்டியை இவர் ஓட்டுவார், நான் பழுது பார்ப்பேன். மூக்குத்தித் திருகாணி போட்டுப் பழகிய விரலுக்கு இந்தத் திருகெல்லாம் பெரிது. போனில் படம் பார்த்துப் படித்தேன். அதில் வருகிற ஆள் பேசுகிற பாஷை புரியாது, அவன் கை செய்வது புரியும். நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இன்றைய கணக்கு. மோட்டார் பல் 12, பெரிய சக்கரத்துப் பல் 60, ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று. கியர் பெட்டி திறந்து பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதுசு வைத்தேன். மூடும்முன் மலைக்கோயில் திருநீறு ஒரு சிட்டிகை உள்ளே. தையல் மெஷினைத் திறந்தாலும் அரிசிப் பானையைத் திறந்தாலும் அது என் பழக்கம். திருகு 8, எட்டும் இருக்கின்றன.

கார்த்திகை 3, புதன்

பட்டறையில் மேடு தயாராகிவிட்டது. பாடிக்கு அறுத்த பலகை, இரும்புச் சட்டத்தின் மேல். அங்கே அதற்குக் கணவாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நட்டும் போல்ட்டுமாக ஆறு கிலோ ஏற்றி விட்டோம். ஐந்தடி ஏறியது. அப்புறம் மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக் ஷாப்ட் முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிக் கிடக்கிறது.

“செங்கோடா, நீ அமுக்குனது விரல்லயா, கால்லயா?” என்றார் பொன்னுரங்கம் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பும்போது மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து இவர் சொன்னார்: “என்ற கைதான் பாவாயி. பதமா அமுக்க வரமாட்டீங்குது.”

பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான் என்றேன். காற்றில் கேட்டதோ இல்லையோ.

கார்த்திகை 4, வியாழன்

இரும்பு ஷாப்ட்டுக்குச் சொல்லியாயிற்று. சனிக்கிழமை வரும். தயிர் உறையவில்லை.

கார்த்திகை 6, சனி

ஷாப்ட் வந்தது. ஜாயிண்ட் இரண்டு பக்கமும் நன்றாக மடங்குகிறது. இவர் அதை வாங்கி, மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

மோட்டார் பல்லையும் மாற்றினேன். 12 போய் 10. இனி ஆறு சுற்றுக்கு ஒன்று, வேகம் குறையும், இழுவை கூடும். இரண்டு பல் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதற்குக் காலண்டர் தாள்தான் அளவு. தாளை நடுவில் கொடுத்து இறுக்கிவிட்டு, சுற்றி வெளியே எடுத்தால் தாள் மடிந்து வர வேண்டும், கிழியக் கூடாது. வெள்ளிக்கிழமைத் தாளை வைத்துப் பார்த்தேன். கிழியவில்லை. பின்னால் இருக்கிற கிரவுன் பெட்டியையும் திறந்தேன். ஷாப்ட்டின் சுற்றை வாங்கிச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற பல் அதற்குள்தான் இருக்கிறது. கிரீஸ், திருநீறு, திருகு 6.

கார்த்திகை 7, ஞாயிறு

ஏழடி. ஷாப்ட் தாங்கியது. ஏழாவது அடியில் கரகரவென்று சத்தம். கியர் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பல் வரிசையாகப் போய்விட்டது.

“ஒண்ண இரும்பாக்குனா அடுத்தது அழுவும்மா. கடைசி வரைக்கும் இரும்பாக்குனாத்தான் ஓயும்,” என்றார் பொன்னுரங்கம் அண்ணன்.

நானும் அதைத்தான் படத்தில் பார்த்திருந்தேன். பலமில்லாத இடம் ஒன்று எங்காவது இருந்துகொண்டேதான் இருக்கும், நாம் அதைத் தள்ளிக்கொண்டே போகிறோம். இவரிடம் சொன்னேன். தலையாட்டினார். சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார்.

கார்த்திகை 12, வெள்ளி

கியர் பெட்டிக்கு நாலு இரும்புச் சக்கரம், கிரவுனுக்கு இரும்புப் பல் ஜோடி, எல்லாம் நேற்றே வந்துவிட்டன. பூட்டி முடிக்க மூன்று மணி நேரம். இரண்டு பெட்டிக்கும் திருநீறு. கொல்லையில் பலகை சாய்த்து நாற்பது நிமிடம் ஓட்டிப் பழகினார். கை அவ்வளவாக நடுங்கவில்லை. ராகுகாலத்துக்கு முன்பே முடித்துவிட்டோம்.

கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். “ஏனுங்க, அந்தக் குழந்தைவேலு அண்ணன் வண்டிக்குப் போயே ஆகோணுமா?”

“ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டாம இருந்தா அவன் ஆரு பாவாயி?”

நான் எழுந்துவிட்டேன். பாத்திரம் கிடந்தது.

கார்த்திகை 13, சனி

காலை ஐம்பது நிமிடம், மாலை ஐம்பது நிமிடம். மாலையில் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை 14, ஞாயிறு

ஒன்பதடி. அதற்கு மேல் கிரவுன் வழுக்குகிறது. கடக் கடக்கென்று பல் தாவுகிற சத்தம்.

வீட்டில் வந்து திறந்தேன். ஒரு பல்கூட உடையவில்லை. தேய்ந்திருக்கிறது. நகம் வெட்டிய மாதிரி ஒவ்வொன்றும் நுனி மெலிந்து கிடக்கிறது. இரண்டு நாளில் இரும்பு இப்படித் தேயுமா? வெள்ளையாக வைத்த கிரீஸ் மையாக வந்தது.

பொன்னுரங்கம் அண்ணனுக்குப் போன் செய்தேன். “மண்ணு போயிருக்கும்மா. மூடற எடமெல்லாம் டேப்பு சுத்து,” என்றார்.

சுற்றினேன். அதற்கு முன் பெட்டியை வழக்கம்போல எல்லாம் வைத்து மூடினேன். பல் விலகாமலிருக்க மெல்லிய வாஷர் இரண்டு கூடப் போட்டேன். புதுப் பல் ஜோடி வருகிற வரைக்கும் தாங்கினால் போதும்.

இவர் கொல்லைப்பக்கம் நின்றுகொண்டு கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டார்.

கார்த்திகை 16, செவ்வாய்

நாளை தீபம். பித்தளை விளக்கையெல்லாம் புளி போட்டுத் துலக்கினேன். அம்மா கொடுத்த வெள்ளி விளக்குக்குப் புளி ஆகாது, திருநீறுதான். ஒரு கை அள்ளி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். கறுப்பு இறங்கி விளக்கு பளபளவென்று வந்தது.

கட்டைவிரலைப் பார்த்தேன். மை.

கையைக் கழுவாமல் உள்ளே போய், கிரவுன் பெட்டி துடைத்த துணியை எடுத்து வைத்து இரண்டையும் பார்த்தேன். அப்புறம் கையைக் கழுவினேன்.

விளக்கு மொத்தம் 27. எண்ணெய் அரை லிட்டர் போதும்.

கார்த்திகை 17, புதன்

தீபம். இருபத்தேழும் ஏற்றினேன். ஒன்றும் அணையவில்லை. எழுத வேறொன்றுமில்லை.

கார்த்திகை 18, வியாழன்

புது கிரவுன் பல் ஜோடி வந்தது. மண்ணெண்ணெயில் பெட்டியைக் கழுவிப் பூட்டினேன். வாஷர் இரண்டு. சுற்றினால் நூல் ஓடுகிற மாதிரி ஓடியது.

மூடப் போகும்போது இவர் பின்னால் வந்து நின்றார். இவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது.

“திருநீறு வெச்சியா?”

“ம்.”

“நல்லா வெய்யி.”

திருகு 6.

கார்த்திகை 21, ஞாயிறு

நாலடி.

இரண்டு நாள் கொல்லையில் ஓட்டிப் பழகியும், நாலாவது அடியிலேயே வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இவர் ரிமோட்டை மேட்டின் ஓரத்தில் வைத்தார்.

“பொன்னுரங்கம், நீயே வெச்சுக்க. இந்தக் கையில எதக் குடுத்தாலும் ஆகாது.”

“ஏப்பா, இன்னும் ஒரு வாரமிருக்குது. பல்லு மாத்துனாப் போவுது.”

“எத்தன பல்ல மாத்துவ? பிளாஸ்டிக்கும் போச்சு, இரும்பும் போச்சு. எல்லாத்துலயும் மாறாம இருந்தது என்ற கை ஒண்ணுதான்.”

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். போன வருசம் ஆடியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு முருகனிடம் கேட்டேன். இந்த மனுசர் இனி அந்தச் சீட்டில் ஏறக் கூடாது, ஏறாமல் வைத்தால் என் முடியை மலையில் இறக்குகிறேன் என்று. யாரிடமும் சொன்னதில்லை. இன்று அது நடந்துவிட்டது. சந்தோசமாக இருக்க வேண்டும்.

கார்த்திகை 22, திங்கள்

பக்கத்து வீட்டுத் தேன்மொழி துணி எடுக்க மாடிக்குப் போவதற்காக, எட்டு மாதக் குழந்தையை இவர் பக்கம் நீட்டினாள். “மாமா, ரெண்டே நிமிசம் புடிங்க.”

இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாங்கண்ணு. என்ற கையில குடுக்காத.”

“மாமாவுக்கு ஈரமாக்கிருவான்னு பயம்,” என்று அவள் சிரித்தாள். குழந்தையும் சிரித்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கையை நீட்டியது. இவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

நான் கேட்டது சீட்டை மட்டும்தான். கையைக் கேட்கவில்லை.

கார்த்திகை 23, செவ்வாய்

பட்டறைக்குப் போய் வண்டியை எடுத்து வந்தேன். பொன்னுரங்கம் அண்ணன் தன் வண்டிக்கு வாங்கி வைத்திருந்த பல் செட்டையும் கொடுத்தார், கிரவுனுக்கும் கியர் பெட்டிக்கும்.

“இதான் கடைசிம்மா. இதுவும் போச்சுன்னா போட்டிக்கு முன்னால வேற வராது. எதுனால தேயுதுன்னு தெரிஞ்சுதா?”

“பாக்கோணுங்கண்ணா,” என்றேன். பொய்.

கார்த்திகை 24, புதன்

மதியம் சாப்பாடு முடிந்ததும் இவர் முன்னால் வெள்ளைத் துணி விரித்தேன். கிரவுன் பெட்டியைத் திறந்து, கிரீஸை வழித்துத் துணியில் ஒரு பக்கம் தேய்த்தேன். வெள்ளி விளக்கைக் கொண்டுவந்து திருநீறு போட்டுத் துலக்கி, அந்த விரலை இன்னொரு பக்கம் தேய்த்தேன்.

பார்த்தார். முதலில் புரியவில்லை. அப்புறம் குனிந்து கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். நறநறவென்றது எனக்கே கேட்டது.

“நான் வெச்ச திருநீறுதானுங்க. அதுதான் பல்லத் தின்னுருக்குது. மொத நாள்லருந்து.”

“என்ற கை இல்ல.”

“இல்லீங்க.”

“என்ற கை இல்ல,” என்று மறுபடியும் சொன்னார். கண் கலங்கிவிட்டது. நான் அதோடு எழுந்து போயிருக்கலாம். அதற்குள் கேட்டுவிட்டார்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“பதினாறாந்தேதி. வெளக்குத் தொலக்கறப்ப.”

விரலை மடக்கி எண்ணினார். லோடு கணக்குப் பார்ப்பது மாதிரி.

“பதினெட்டாந்தேதிதான மறுபடி மூடுன. வெச்சியான்னு நாங்கேட்டன்.”

“கேட்டீங்க.”

“வெச்சியா?”

“வெச்சனுங்க. தெரிஞ்சுதான் வெச்சேன்.”

எதற்கு என்று கேட்பார் என்று பார்த்தேன். வராந்தாவில் வேண்டிக்கொண்டது, முடி, எல்லாவற்றையும் நானாகவே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

“எட்டு நாளு. அந்தக் கொழந்தயக்கூட நான் வாங்கல, பாவாயி.”

எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

கார்த்திகை 25, வியாழன்

பேசவில்லை. சாப்பிட்டார். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய், இரண்டு பெட்டியையும் தானே கழுவினார். மூன்று தடவை. விரலால் தடவிப் பார்த்து நாலாவது தடவையும் கழுவினார்.

கார்த்திகை 26, வெள்ளி

பூட்டவும் தானே உட்கார்ந்தார். “திருகு மட்டும் எண்ணிக் குடு,” என்றார். இரண்டு நாளில் பேசிய முதல் பேச்சு.

மெல்லிய வாஷரை அச்சில் கோக்க வேண்டும். கை நடுங்கி, கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது தடவை என் கை தானாக முன்னால் போனது.

“நீ உக்காரு.”

உட்கார்ந்தேன். ஒன்பதாவது தடவை வாஷர் உட்கார்ந்தது. இரண்டாவது வாஷர் நாலாவது தடவையில். கிரீஸ் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் பூஜை அறைப்பக்கம் திரும்பவில்லை. மூடினார்.

கியர் பெட்டிக்கு 8, கிரவுனுக்கு 6. எண்ணிக் கொடுத்தது நான், முடுக்கியது அவர்.

கார்த்திகை 27, சனி

மலைக்குப் போனேன். படி 312. பூசாரியிடம் கேட்டேன், வேண்டிக்கொண்டதை வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன முறை என்று.

ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். “நெறவேத்து நெறவேத்துன்னுதான் எல்லாரும் வருவாங்க. இத இது வரைக்கும் ஆருங் கேட்டதில்லயே. நேராப் போய் சொல்லிரும்மா. அவருக்கும் ஒரு வேல கொறயும்.”

நேராகப் போய்ச் சொன்னேன். பூசாரி கொடுத்த திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டேன். நெற்றியில் மட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். “சரி,” என்றார். அது எந்தச் சரி என்று தெரியவில்லை.

கார்த்திகை 28, ஞாயிறு

பதினொரு வண்டி. நம்முடையது ஏழாவது. முன்னால் போன ஆறில் இரண்டுதான் மேலே போயின. ஒன்று பத்தாவது அடியில் நின்று, லோடோடு பின்னால் உருண்டு பலகையிலிருந்து விழுந்தது. அது விழுந்தபோது நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னுரங்கம் அண்ணன் பார்த்துவிட்டு, “வேணும்னா கடைசியா உடறயா?” என்று கேட்டார்.

“ஏழுன்னா ஏழு.”

குழந்தைவேலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

லோடை நான் அடுக்கினேன். இவர் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வண்டி நடுங்கவில்லை. நாலடி. ஏழடி. ஒன்பதாவது அடியில் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு தடவை தயங்கியது. இவர் விரலைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொடுத்தார். எனக்குச் சாமி பெயர் ஒன்றும் வரவில்லை. காது மட்டும் பல்லின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரே சத்தம், மாறாத சத்தம். பதினொன்று. பன்னிரண்டு. மேல் பலகையில் ஆறு சக்கரமும் ஏறி நின்றது.

எல்லாரும் கை தட்டினார்கள். குழந்தைவேலு எழுந்து வந்தார்.

“அப்பத் தை ஒண்ணு.”

“தை ஒண்ணுங்க,” என்றார் இவர்.

வண்டியைத் தூக்கி இறக்கப் பொன்னுரங்கம் அண்ணன் கை வைத்தார். இவர் தடுத்தார். என் பக்கம் திரும்பி ரிமோட்டை நீட்டினார்.

“எறக்கு.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்க.”

“பூட்டத் தெரியுதில்ல. எறக்கு.”

“ஏப்பா, ஏறுனாப் போதும்னுதான சட்டம்,” என்றார் பொன்னுரங்கம் அண்ணன். “தங்கச்சிய எதுக்கு?”

“அவ எறக்குவா.”

கோபத்தில் சொல்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் அது இல்லை. என்ன இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

வாங்கினேன். மேல் பலகையில் வண்டியைத் திருப்பினேன். அதன் தலை கீழ்நோக்கிச் சாய்ந்ததும் ஆறு கிலோவும் முன்னால் வந்து தள்ளியது. நான் பூட்டிய மோட்டார், ஷாப்ட், இவர் பூட்டிய கிரவுன், எல்லாம் என் ஒரு விரலில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. விட்டால் ஓடும், பிடித்தால் குப்புற விழும். கை நடுங்க ஆரம்பித்தது. பதினாறு மாதமாக நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நடுக்கம். மருந்து கொடுத்தேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாமல்.

பாதியில் இடது சக்கரம் பலகை ஓரத்துக்குப் போனது. யாரோ “போச்சு” என்றார்கள். இவர் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். நீட்டினால் ரிமோட் எட்டும். பிடி என்றோ விடு என்றோ சொல்லவில்லை, கையும் நீட்டவில்லை. நான் நிறுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். ஓர் அங்குலம், இன்னும் ஓர் அங்குலம் என்று சக்கரத்தை உள்ளே கொண்டுவந்தேன்.

கீழே மண்ணில் வந்து நின்றது. லோடு ஒரு நட்டுகூடச் சிந்தவில்லை.

ஏற நாலு நிமிடம் பத்து விநாடி. இறங்க எவ்வளவு ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.